ரயிலைத் தானாக நிறுத்தும் கருவி பிறந்த கதை

சிவப்பைத் தாண்டும் ரயிலை மனிதக் கை படாமல் நிறுத்துவதற்கென்று முதன்முதலில் செய்து பார்த்த கருவிகளில் ஒன்று, ஒரு கண்ணாடிக் குழாய். 1880-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா ரயில்ரோடு நிறுவனம் அதைச் சோதித்தது. பிரேக் குழாயோடு இணைத்து இன்ஜின்மேல் கண்ணாடிக் குழாய் ஒன்றைப் பொருத்தினார்கள். சிக்னல் 'நில்' என்று காட்டும்போது, அதனோடு சேர்ந்த கம்பி ஒன்று பாதையை நோக்கி நீண்டு நிற்கும். அதை மீறி இன்ஜின் போனால் கம்பி பட்டுக் கண்ணாடி உடையும், காற்று வெளியேறும், பிரேக் பிடித்துக்கொள்ளும்.

அத்தனை பெரிய வண்டியை நிறுத்த ஒரு கண்ணாடி உடைந்தால் போதும் என்ற நிலை வந்ததற்கு ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ்தான் காரணம். அவர் 1870-களில் கொண்டுவந்த தானியங்கிக் காற்று பிரேக்கில், வண்டியின் நீளம் முழுக்க ஓடும் குழாயில் காற்றழுத்தம் இருக்கும்வரைதான் சக்கரங்கள் விடுபட்டு உருளும். அழுத்தம் இறங்கினால் எல்லாப் பெட்டிகளிலும் பிரேக் பிடிக்கும். பெட்டிகள் இரண்டாக அறுந்தாலும் நிற்கும். பயணி ஒருவர் அபாயச் சங்கிலியை இழுத்தாலும் நிற்கும். ஆக, குழாயில் ஓர் ஓட்டை விழுந்தால் ரயில் நின்றுவிடும். அந்த ஓட்டையை எப்போது திறப்பது, டிரைவர் அதை மூடலாமா கூடாதா என்பதில்தான் அடுத்த நூறு ஆண்டுகளின் சண்டையெல்லாம்.

கண்ணாடிக் குழாய் நிலைக்கவில்லை. அதன் யோசனை நிலைத்தது. 1901-ல் பாஸ்டன் நகரின் உயர்மட்ட ரயில் பாதையிலும், 1904-ல் நியூயார்க் சுரங்க ரயிலிலும், அதே காலத்தில் லண்டன் சுரங்க ரயிலிலும் இரும்புக் கை வந்தது. சிக்னல் சிவப்பாக இருந்தால் தண்டவாளத்தை ஒட்டி ஒரு கை நிமிர்ந்து நிற்கும். மீறி வரும் ரயிலின் அடியில் தொங்கும் வால்வை அது தட்டிவிடும். அதன்பிறகு டிரைவர் எதுவும் செய்வதற்கில்லை, ரயில் நின்றுவிடும். இவ்வளவு எளிய கருவி இன்றும் பல நகரங்களில் வேலை செய்கிறது.

நகர ரயிலுக்குப் பொருந்தியது நெடுந்தூரப் பாதைக்குப் பொருந்தவில்லை. சுரங்க ரயில்கள் எல்லாம் ஒரே மாதிரி, வேகம் குறைவு, நிற்கும் தூரமும் குறைவு. எக்ஸ்பிரஸ் வண்டி முழு வேகத்தில் வந்தால் நிற்பதற்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வேண்டும். சிவப்பின் காலடியில் வைத்து வால்வைத் தட்டினால், மோத வேண்டியது மோதிய பிறகுதான் வண்டி நிற்கும். ஆகவே சிவப்புக்கு முன்னால் இருக்கும் டிஸ்டன்ட் சிக்னலிலேயே டிரைவரை உஷார்ப்படுத்த வேண்டும். ரயில் நிறுவனங்களுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. கருவி பார்த்துக்கொள்ளும் என்று டிரைவர்கள் வெளியே பார்ப்பதையே விட்டுவிடுவார்கள் என்றார்கள். பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட வாதம் அது. செலவைத் தள்ளிப்போட அதைவிட வசதியான வாதம் வேறு இருந்திருக்க முடியாது.

இங்கிலாந்தில் உண்மையான எதிரி மூடுபனி. பனி இறங்கினால் கைகாட்டி மரம் டிரைவரின் கண்ணில் படாது. 1841-ல் எட்வர்ட் கூப்பர் என்பவர் தண்டவாளத்தின்மேல் வைக்கும் சிறு வெடியைக் கண்டுபிடித்தார். சக்கரம் ஏறினால் அது வெடிக்கும், சத்தம் கேட்டு டிரைவர் வேகத்தைக் குறைப்பார். பனிக்காலம் முழுக்க ஒவ்வொரு டிஸ்டன்ட் சிக்னலின் கீழும் ஓர் ஆள், கணப்புச் சட்டியோடு உட்கார்ந்து, கைகாட்டியைப் பார்த்துப் பார்த்து வெடியை வைப்பதும் எடுப்பதுமாக இருக்க வேண்டும். அந்த ஆளின் வேலையை ஓர் இயந்திரத்திடம் கொடுக்க முடியுமா என்று தேடியதிலிருந்துதான் நம் கதையின் நாயகன் பிறந்தான். 1890-களில் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வேயின் வின்சென்ட் ரேவன், பாதையில் உள்ள ஒரு கட்டை இன்ஜினின் அடிப்பகுதியைத் தட்டி விசில் ஊதச் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். பெரிய அடியை எடுத்துவைத்தது கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே.

1906 ஜனவரியில் ஹென்லி கிளைப் பாதையில் அந்நிறுவனத்தின் எச்சரிக்கைக் கருவிக்குச் சோதனை தொடங்கியது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில், சுமார் 40 அடி நீளத்துக்கு, இரு முனையும் சரிந்த ஓர் இரும்புச் சட்டம். இன்ஜினின் அடியில் அதன்மேல் உரசிப்போகும்படி ஓர் இரும்புக் காலணி. சட்டத்தின்மேல் ஏறும்போது காலணி ஓர் அங்குல அளவு மேலே எழும்பும். சிக்னல் 'போகலாம்' என்றிருந்தால் சிக்னல் அறையிலிருந்து சட்டத்துக்கு மின்சாரம் வரும். அது காலணி வழியாக இன்ஜினுக்கு ஏறி மணியை அடிக்கும். சிக்னல் எச்சரிக்கையில் இருந்தால் சட்டத்தில் மின்சாரம் இருக்காது. காலணி எழும்பியதும் இன்ஜினுக்குள் இருக்கும் மின்சுற்று அறுபட்டு, விசில் ஊதும்.

இதில் நான் வியப்பது ஒன்றைத்தான். கம்பி அறுந்துபோனாலும், மின்கலம் தீர்ந்துபோனாலும், சிக்னல் அறையில் எது பழுதானாலும் சட்டத்தில் மின்சாரம் இருக்காது. அப்போது டிரைவருக்குக் கேட்பது எச்சரிக்கைதான். பாதை பாதுகாப்பானது என்று சொல்லத்தான் மின்சாரம் வேண்டும், ஆபத்து என்று சொல்ல எதுவும் வேண்டாம். கெட்டுப்போனால் பாதுகாப்பான பக்கமாகவே கெட்டுப்போகும்படி வடிவமைப்பது ரயில் சிக்னல் துறையின் ஆதி விதி. அந்த விதியை இன்ஜினுக்குள் கொண்டுபோன பெருமை இந்தச் சட்டத்துக்கு உண்டு. நிறுவனத்துக்கு அதன்மேல் இருந்த நம்பிக்கையைப் பாருங்கள்: அதே ஆண்டு டிசம்பரில் ஃபேர்ஃபோர்டு கிளைப் பாதையில் கருவியைப் பொருத்தியதும், அங்கிருந்த டிஸ்டன்ட் கைகாட்டிகளையே எடுத்துவிட்டார்கள்.

தொடக்கத்தில் விசில் மட்டும்தான். பிறகு பிரேக்கும் சேர்ந்தது. கிரேட் வெஸ்டர்ன் வண்டிகளில் இருந்தது வெற்றிட பிரேக். குழாயில் காற்று இல்லாதவரை ஓடும், காற்று நுழைந்தால் பிடிக்கும். எச்சரிக்கை வந்தால் ஒரு வால்வு திறக்கும். வெளிக்காற்று ஒரு சங்கின் வழியாகக் குழாய்க்குள் பாயும். சங்கை ஊதுவதும் அந்தக் காற்று, பிரேக்கைப் பிடிப்பதும் அதே காற்று. டிரைவர் விழித்திருந்தால் ஒரு கைப்பிடியைத் தூக்கி அதை நிறுத்திவிட்டு, வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வார். மயங்கிக் கிடந்தால் வண்டி தானாக நிற்கும். 1930-களின் இறுதிக்குள் அந்நிறுவனத்தின் முக்கியப் பாதைகள் எல்லாவற்றிலும் இது வந்துவிட்டது.

அந்தக் கைப்பிடிதான் கருவியின் பலவீனம். 1940 நவம்பர் 4, விடியற்காலை. போர்க்காலம், விளக்குகளெல்லாம் அணைக்கப்பட்ட இருட்டு. லண்டனிலிருந்து பென்சான்ஸ் போகும் இரவு வண்டி டான்டன் நிலையத்திலிருந்து புறப்படுகிறது. பின்னால் வரும் செய்தித்தாள் வண்டிக்கு வழிவிட, இதைப் பக்கத்துப் பாதையில் அனுப்பியிருக்கிறார்கள். டிரைவரோ வழக்கம்போல் முதன்மைப் பாதையில் போவதாக நினைத்துக்கொண்டு, அந்தப் பாதையின் பச்சையைப் பார்த்து ஓட்டுகிறார். அவருடைய சொந்தப் பாதையில் எச்சரிக்கை. சங்கு ஊதியது. அவர் கை அதை நிறுத்தியது. தன்னை ஒட்டி இன்னொரு வண்டி முந்திப் போவதைப் பார்த்த பிறகுதான் தான் எந்தப் பாதையில் இருக்கிறோம் என்பது புரிந்தது. நார்ட்டன் ஃபிட்ஸ்வாரனில் பாதை முடிந்த இடத்தில் இன்ஜின் தடம் புரண்டு 27 பேர் இறந்தார்கள். சில நாட்களுக்கு முன் அவருடைய வீடு குண்டுவீச்சில் சேதமாகியிருந்தது. கருவி தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. விடியற்காலை அலாரத்தைத் தூக்கத்திலேயே அணைக்கும் கையைப்போல, பழகிப்போன அவர் கை மனத்தைக் கேட்காமல் இயங்கிவிட்டது.

மற்ற நிறுவனங்களில் இந்தக் குறையுள்ள கருவிகூட இல்லை. அரசு குழு அமைத்து ஆராய்ந்தது, அறிக்கைகள் வந்தன, பணம் வேறு வேலைகளுக்குப் போனது. ஆல்ஃபிரட் ஹட் என்பவர், உரசும் சட்டத்துக்குப் பதிலாகக் காந்தத்தால் தகவல் சொல்லும் முறை ஒன்றை உருவாக்கியிருந்தார். லண்டன்–டில்பரி–சவுத்எண்ட் பாதையில் அதைப் பொருத்தும் வேலை நடந்தது, போர் அதைத் தாமதப்படுத்தியது. கிரேட் வெஸ்டர்ன் தன் முதல் சட்டத்தைப் பதித்து 46 ஆண்டுகள் கழித்தும் நாட்டின் பெரும்பாலான இன்ஜின்களில் எச்சரிக்க எதுவும் இல்லை.

1952 அக்டோபர் 8, காலை 8:19. லண்டனுக்கு வடமேற்கே ஹாரோ அண்டு வீல்ட்ஸ்டோன் நிலையம். வேலைக்குப் போகிறவர்கள் நெருக்கியடித்து ஏறியிருந்த உள்ளூர் ரயில் நடைமேடையில் நின்றது. பெர்த் நகரிலிருந்து வந்த இரவு எக்ஸ்பிரஸ், ஒரு மஞ்சளையும் இரண்டு சிவப்புகளையும் தாண்டி வந்து அதன் பின்னால் மோதியது. சிதறிய பெட்டிகள்மேல், எதிர்த் திசையில் இரட்டை இன்ஜினோடு வந்த இன்னொரு எக்ஸ்பிரஸ் ஏறியது. 112 பேர் இறந்தார்கள். பெர்த் வண்டியின் டிரைவரும் உதவியாளரும் அவர்களில் இருந்ததால், ஏன் தாண்டினார் என்பது யாருக்கும் தெரியாமலே போனது. அந்த மஞ்சளில் ஒரு சங்கு ஊதியிருந்தால் அவர் உஷாராகியிருக்கலாம், ஆகாவிட்டால் வண்டியாவது நின்றிருக்கும். விசாரணை அறிக்கை வெளிவருவதற்குள், நாடு முழுக்கக் கருவியைப் பொருத்தும் திட்டத்துக்குப் பிரிட்டிஷ் ரயில்வே ஒப்புக்கொண்டது.

கிரேட் வெஸ்டர்னின் கொள்கையும் ஹட்டின் காந்தமும் சேர்ந்து ஏ.டபிள்யூ.எஸ். என்ற எச்சரிக்கைக் கருவி உருவானது. பச்சை என்றால் மணி. மற்ற எதுவானாலும் ஹாரன். ஹாரன் அடித்த சில விநாடிகளுக்குள் டிரைவர் பொத்தானை அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் பிரேக். பொருத்தும் வேலை நிதானமாக நடந்தது. 1957 டிசம்பர் 4 அன்று லூயிஷாம் அருகே அடர்ந்த பனியில் ஒரு ரயில் சிவப்பைத் தாண்டி மோதி 90 பேர் இறந்தபோது, அந்தப் பாதைக்குக் கருவி இன்னும் வந்து சேரவில்லை.

வந்து சேர்ந்த இடங்களிலும் நார்ட்டன் ஃபிட்ஸ்வாரனின் பாடம் மறந்துபோயிருந்தது. 'மற்ற எதுவானாலும் ஹாரன்' என்பதை யோசித்துப் பாருங்கள். ஒற்றை மஞ்சளுக்கும் அதே ஹாரன், இரட்டை மஞ்சளுக்கும் அதே, சிவப்புக்கும் அதே. நெரிசலான புறநகர்ப் பாதையில் முன்னே போகும் வண்டியைத் தொடர்ந்து மஞ்சள் மஞ்சளாகவே போகிற டிரைவர், நாள் முழுக்கப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பார். ஆயிரம் முறை அழுத்தி எதுவும் நடக்காத விரலுக்கு, ஆயிரத்தோராவது முறை சிவப்பு என்பது எப்படித் தெரியும்? 1989 மார்ச்சில் பர்லியில் இப்படித்தான் ஒரு ரயில் சிவப்பைத் தாண்டி மோதி ஐந்து பேர் இறந்தார்கள். டிரைவரைச் சிறைக்கு அனுப்பினார்கள். அதே சிக்னலை அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் வேறு டிரைவர்கள் நான்கு முறை தாண்டியிருந்தார்கள் என்ற விவரம் பிறகு வெளிவந்து, 2007-ல் அவருடைய தண்டனை ரத்தானது. பதினேழு ஆண்டுகள் குற்றவாளி என்ற பெயரோடு வாழ்ந்திருக்கிறார் அந்த மனிதர்.

ஒரு விபத்து முடிந்ததும் டிரைவரைக் கைகாட்டுவது சுலபம். அவர் தவறு செய்திருக்கலாம். பல விபத்துகளில் செய்துமிருக்கிறார். வேலை நேரமெல்லாம் சிக்னல்களைப் பார்த்து ஓட்டுகிற மனிதர், வாழ்நாளில் ஒருமுறைகூடத் தவறக் கூடாது என்று எதிர்பார்ப்பதை ஒரு பாதுகாப்பு ஏற்பாடு என்று சொல்ல முடியாது என்பதே என் கருத்து.

ஜெர்மானியர்கள் இதை முன்பே யோசித்துவிட்டார்கள். 1930-களில் அவர்கள் கொண்டுவந்த இண்டூசி முறையில் டிஸ்டன்ட் சிக்னலுக்கு ஒரு அதிர்வெண், சிவப்பு நிறுத்தத்துக்கு வேறு அதிர்வெண். முதலாவதற்குப் பொத்தான் உண்டு. அழுத்திய பிறகும், வேகம் குறைகிறதா என்று கருவி பார்க்கும். இரண்டாவதற்குப் பொத்தானே இல்லை. சிவப்பைத் தாண்டினால் அவசர பிரேக். ஆனால் கருவி இன்ஜினில் இருந்தால்தானே? 1939 டிசம்பரில் கெந்தினில் ஓர் எக்ஸ்பிரஸ் இன்னொன்றின் பின்னால் மோதிக் குறைந்தது 186 பேர் இறந்தபோது, மோதிய இன்ஜினின் இண்டூசி பழுதுபார்க்கக் கழற்றப்பட்டிருந்தது.

ஜப்பான் இன்னொரு வழியாக அதே இடத்துக்கு வந்தது. 1962 மே 3 இரவு, டோக்கியோவின் மிகாவாஷிமாவில் சரக்கு ரயில் ஒன்று சிக்னலைத் தாண்டித் தடம் புரண்டது. பக்கத்துப் பாதையில் வந்த பயணிகள் ரயில் அதன்மேல் மோதியது. இறங்கித் தண்டவாளத்தில் நடந்த பயணிகள்மேல் எதிர்த் திசை ரயில் வந்து ஏறியது. 160 பேர் இறந்தார்கள். 1966-க்குள் ஜப்பான் தேசிய ரயில்வே தன் பாதைகள் அனைத்திலும் ஏ.டி.எஸ். கருவியைப் பொருத்திவிட்டது; அந்த வேகம் மெச்சத்தக்கது. அதிலும் மணி அடித்த ஐந்து விநாடிக்குள் பொத்தானை அழுத்தினால் கருவி ஒதுங்கிக்கொள்ளும். 1988-ல் ஹிகாஷி நகானோவில் மறுபடி மோதல் நடந்த பிறகு, வேகத்தைக் கடைசிவரை கண்காணித்துத் தானே நிறுத்தும் புதிய ஏ.டி.எஸ். பரவியது. பிரிட்டனிலும் ஜப்பானிலும் ஓட்டை ஒரே இடத்தில் இருந்தது.

பிரிட்டனில் அந்த ஓட்டையை அடைக்க இன்னும் 31 உயிர்கள் போக வேண்டியிருந்தது. 1999 அக்டோபர் 5 காலை, பேடிங்டனிலிருந்து புறப்பட்ட ஒரு ரயில் லாட்புரோக் குரோவ் அருகே எஸ்.என்.109 என்ற சிக்னலைச் சிவப்பில் தாண்டி, எதிரே வந்த விரைவு ரயிலோடு நேருக்கு நேர் மோதியது. இறந்தவர்களில் இரு டிரைவர்களும் அடக்கம். தாண்டியவர் தேர்ச்சி பெற்று இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. காலைச் சூரியன் சிக்னல்மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. ஹாரன் அடித்தது, பொத்தான் அழுத்தப்பட்டது. அதே சிக்னலை முந்தைய ஆறு ஆண்டுகளில் எட்டு முறை ரயில்கள் சிவப்பில் தாண்டியிருந்தன. எதிரே வந்த விரைவு ரயிலில் முழுமையான தானியங்கிப் பாதுகாப்பு இருந்தது. தாண்டிய ரயிலில் இல்லை. முழுமையான பாதுகாப்பை எல்லாப் பாதைகளுக்கும் கொடுப்பது செலவுக்குத் தகாது என்று அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் முடிவெடுத்திருந்தார்கள்.

அந்த முடிவுக்குப் பதிலாகப் பிறந்ததுதான் டி.பி.டபிள்யூ.எஸ். பாதையின் நடுவே இரண்டு ஜோடி கம்பிச் சுருள்கள். ஒரு ஜோடி சிவப்புக்குச் சற்று முன்னால் இருந்து வேகத்தை அளக்கும். மிகை வேகம் என்றால் அங்கேயே பிரேக். மற்றது சிவப்பின் காலடியில். எந்த வேகத்தில் தாண்டினாலும் பிரேக். பொத்தானுக்கு இங்கே வேலையில்லை. இதைக் கட்டாயமாக்கும் விதி 1999 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது, லாட்புரோக் குரோவுக்குச் சில வாரங்கள் முன்பு. கருவிகள் பொருத்தி முடிய 2003-ன் இறுதி ஆனது.

நம் ஊரிலும் இந்தக் கதை உண்டு. மும்பை புறநகர்ப் பாதைகளில் துணை எச்சரிக்கைக் கருவி பல காலமாக இருக்கிறது. 2000-களின் இறுதியில் சென்னை–கும்மிடிப்பூண்டி பாதையில், ஐரோப்பிய முறையைத் தழுவிய தானியங்கிப் பாதுகாப்பு பொருத்தப்பட்டது. சென்னையிலிருந்து மேற்கே போகும் பாதையில் அப்போது அது இல்லை. 2011 செப்டம்பர் 13 இரவு, அரக்கோணத்தை அடுத்த சித்தேரி அருகே சிக்னலுக்காக நின்றிருந்த காட்பாடி பாசஞ்சரின் பின்னால், சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் கண்டோன்மென்ட் போன மெமு ரயில் மோதியது. பத்துப் பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். 2023 அக்டோபர் 29 அன்று ஆந்திராவின் விஜயநகரம் மாவட்டத்தில் கண்டகப்பள்ளி அருகே இன்னொரு பாசஞ்சர், முன்னால் போன பாசஞ்சரின்மேல் மோதி 14 பேர் இறந்ததும் இந்த வகைதான். அதே ஆண்டு நடந்த பாலசோர் விபத்தும், 2024-ல் கவரைப்பேட்டையில் நடந்ததும் வேறு. அங்கே சிக்னல் பச்சை. பாதை வேறு பக்கம் திரும்பியிருந்தது. இந்த இரண்டு வகைகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

இந்தியாவின் சொந்தப் பதில், ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ. உருவாக்கிய கவச். ஸ்லீப்பர் கட்டைகளில் பதித்த அடையாளச் சில்லுகளைப் படித்து, தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை இன்ஜின் தெரிந்துகொள்ளும். முன்னால் எந்த சிக்னல் என்ன நிறம், எவ்வளவு தூரம் போகலாம் என்பதை நிலையத்திலிருந்து ரேடியோ சொல்லும். லோகோ பைலட் வேகத்தைக் குறைக்காவிட்டால் கவச் குறைக்கும். பொத்தானை அழுத்திவிட்டு அதே வேகத்தில் சிவப்பைத் தாண்ட அது விடாது. 2020-ல் இது தேசியத் தானியங்கிப் பாதுகாப்பு முறையாக ஏற்கப்பட்டது. 2022 மார்ச் 4 அன்று செகந்திராபாத் ரயில்வே கோட்டத்தில் குல்லகூடா–சிட்கிட்டா இடையே ரயில்வே அமைச்சர் இன்ஜினில் ஏறி உட்கார, எதிரே நின்ற இன்னொரு இன்ஜினுக்கு 380 மீட்டர் முன்னால் கவச் தானாக வண்டியை நிறுத்திக் காட்டியது.

ஆகவே தொழில்நுட்பம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. 2024 தொடக்கத்தில் கவச் இருந்த பாதை 1,465 கிலோமீட்டர்; இந்திய ரயில்வேயின் மொத்தப் பாதை 68,000 கிலோமீட்டருக்கும் மேல். வேலை வேகம் பிடித்திருக்கிறது, பெரிய ஒப்பந்தங்கள் போடப்பட்டிருக்கின்றன. ஆனால் ஹாரோவும் லூயிஷாமும் நடந்தது திட்டம் இல்லாத காலத்தில் மட்டுமல்ல. திட்டம் காகிதத்தில் இருந்து பாதைக்கு வந்து சேராத இடைவெளியிலும் நடந்தது. நீங்கள் தினமும் போகும் பாதையில் கவச் எந்த ஆண்டு வரும், அந்தப் பாதையில் ஓடும் இன்ஜின்கள் எத்தனையில் அது பொருத்தப்பட்டிருக்கிறது என்ற இரண்டு கேள்விகளை உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரிடம் எழுதிக் கேளுங்கள். விபத்து நடந்த பிறகு கேட்பதைவிட இப்போதே கேளுங்கள்.